பூர்மாகான் முழுசாகப் பார்த்த படம்

நம்ம மலையூர் நாரினில் புதுப்படம் வந்தால் சுவரொட்டியை நம்பி யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. சுவரொட்டியில் பல்லைக் காட்டுகிறவர்கள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்தவர்கள். காசு கொடுத்தால் எதற்கும் சிரிப்பார்கள். நம்மவர்கள் முதலில் போய் நிற்பது பூர்மாகானின் ஜன்னலில்.

திரையரங்குக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் இருக்கிறது அந்த ஜன்னல். அதற்குப் பின்னால் நானூறு கொக்கிகள், ஒரு மின்சார அடுப்பு, அடுப்பை ஒட்டி பூர்மாகான். பனிக்காலம் முழுக்க ஊர்க்காரர்களின் கோட்டையும் தொப்பியையும் வாங்கி மாட்டுவதும், படம் விட்டதும் எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். ஆளைப் பார்த்தால் பெயர் மறந்துபோகும், கோட்டைப் பார்த்தால் குலம் கோத்திரம் வரை சொல்லுவாள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கடைசி ஆளின் கோட்டை மாட்டி முடிப்பதற்குள் படம் கால் மணி நேரம் ஓடியிருக்கும். முடிவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போதே பஸ்ஸைப் பிடிக்கிற அவசரக்காரர்கள் ஜன்னலைத் தட்ட ஆரம்பிப்பார்கள். ஆகவே அவள் பார்த்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் ஒன்றுக்குக்கூடத் தலையும் இல்லை, வாலும் இல்லை. யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாமல் உள்ளே போவாள். யார் பிழைத்தார்கள் என்று தெரியாமல் வெளியே வருவாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் கதையும் அப்படித்தானே தெரிகிறது, அதற்காக யாராவது டிரைவரிடம் சண்டை போடுகிறோமா என்பாள்.

பார்க்காத மிச்சத்தைக் கோட்டு வாங்க வருகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். வாயால் அல்ல. பேய்ப்படம் நன்றாக இருந்தால் கை சட்டென்று ஸ்லீவுக்குள் போகாது. அழுகைப் படம் நன்றாக இருந்தால் ஆண்கள் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, இந்த ஜன்னலில் ஒரே தூசி என்று அவள் மேல் பழி போடுவார்கள். புருஷன் பெண்டாட்டிக்குக் கோட்டு மாட்டிவிட்டான் என்றால் அது காதல் படம், அதுவும் ஒரு வாரம் தாங்கும்.

மறுநாள் மதியம் ஜன்னலில் கூட்டம் கூடும். எப்படி அக்கா என்று கேட்பார்கள். போலீஸ் படமா, "துரத்துறான், துரத்துறான், ஒரு மணி நேரம் துரத்துறான். இந்தக் குளிர்ல ஒருத்தன் கையிலயும் கையுறை இல்ல. அவங்க அம்மா என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?" என்பாள். காதல் படமா, பையனும் அழகு, பெண்ணும் அழகு, இரண்டு பேருக்கும் வேலைதான் ஒன்றும் இல்லை என்பாள். போன வருடம் பரிசு வாங்கிய ஒரு படம் வந்தது. அதில் ஒரு தாய் மகனுக்காக சூப் வைக்கிறாள், அதில் உருளைக்கிழங்கே போடவில்லை; அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு என்று பூர்மாகான் சொன்னாள். சனிக்கிழமை அரங்கில் பதினோரு பேர் இருந்தார்கள். மேலாளர் தலாய்பெக் தலையில் கையை வைத்துக்கொண்டு படத்தை மாற்றினார்.

இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு அவள் தன் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தது ஒரு சினிமா எடுக்கிறவனுக்கு. கொடுக்கும்போது அவன் சினிமா எடுக்கவில்லை, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மக்சாத் நல்ல பையன். குடிக்க மாட்டான், கத்த மாட்டான். அப்பா விட்டுப்போன குதிரைகளில் பதினாலை விற்று ஒரு படம் எடுக்கப்போகிறேன் என்று ஒரு நாள் சொன்னபோதுதான் அவனுக்கும் ஒரு கிறுக்கு உண்டு என்பது வெளியே தெரிந்தது.

கதை, மருமகளை மகளாகப் பார்க்கும் ஒரு தெய்வ மாமியாரைப் பற்றியது. மாமியாராக நடித்தது அவனுடைய அம்மா ஜூராகான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அந்த அம்மாள் உட்கார்ந்தால் நாற்காலி நேராகும். மருமகளாக நடிக்க பிஷ்கெக்கிலிருந்து நகத்துக்குச் சாயம் பூசிய ஒரு பெண் வந்தாள். படப்பிடிப்பு முழுக்க மக்சாத்தின் வீட்டிலேயே நடந்தது, போன பனிக்காலத்தில், நாற்பது நாள், தினமும் முப்பது பேர். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டு டீ ஊற்றியது நிஜ மருமகள் ஐஜார்கின், பூர்மாகானின் மகள்.

அந்த வீடு ஆற்றுக்கு அக்கரையில், பத்து நிமிட நடை. ஆனால் பெண் கொடுத்த வீட்டுக்குக் கூப்பிடாமல் போக முடியாது. கூப்பிட்டுப் போனாலும் விருந்தறையில் சம்பந்திக்குரிய மேலிடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள், மகள் அடுப்படியில் இருப்பாள். போனில் பேசினால், "நல்லா இருக்கேன்மா, கொஞ்சம் வேலை" என்பாள். அதற்குள் பின்னால் யாராவது அவளைக் கூப்பிடுவார்கள்.

படம் முடிந்தது. சொந்த ஊரில், சொந்தத் திரையரங்கில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முதல் காட்சி என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து பூர்மாகானின் ஜன்னலில் ஒரே கேள்வி. பார்த்துவிட்டு என்ன சொல்வாய் என்று ஊரே கேட்டது. படம் மோசம் என்று அவள் சொன்னால் நாரினில் படம் படுத்துவிடும்; பதினாலு குதிரை போனது போனதுதான். அது போகட்டும், குதிரை பிறக்கும். சம்பந்தியம்மாவின் நடிப்பைக் குறை சொன்னால், அதை ஜூராகான் யாரிடம் காட்டுவாள்? பூர்மாகானிடமா? ஆற்றுக்கு அக்கரையில் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாளே, அவளிடம்தான்.

ஆகவே பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அபிப்பிராயத்தைத் தயார் செய்துகொண்டாள். தலாய்பெக்கை எதிரே நிற்கவைத்து ஒத்திகையும் பார்த்தாள். படம் அருமை, நேரம் போனதே தெரியவில்லை, மாப்பிள்ளைக்கு நல்ல எதிர்காலம், சம்பந்தியம்மாவின் நடிப்பு மனதைத் தொட்டது. அவ்வளவுதான்.

"நல்லா இருக்கு. இதோட உக்காந்துடுங்க அக்கா," என்றார் தலாய்பெக். "சூப்பு பக்கமே போகாதீங்க."

சனிக்கிழமை ஜன்னலில் தலாய்பெக்கின் மனைவி நின்றாள். பூர்மாகான் முதல் வரிசையில், நட்ட நடுவில், ஜூராகானுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டாள். தன் மகளைக் காணாமல் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"ஐஜார்கின் எங்க, சம்பந்தி?"

"வீட்லதான். படம் விட்டதும் அறுபது பேரு சாப்பிட வர்றாங்க. ரெண்டு ஆடு கொதிச்சுக்கிட்டு இருக்கு, விட்டுட்டு வர முடியுமா? இன்னொரு நாள் பாத்துக்குவா," என்றாள் ஜூராகான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை; மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நம்ம ஊரில் அந்தப் பதில் யாருக்கும் தப்பாகப் படாது. பூர்மாகானுக்கும் படவில்லை.

விளக்கு அணைந்தது. படத்துக்கு ஆரம்பம் என்று ஒன்று உண்டு என்பதை அன்றுதான் அவள் பார்த்தாள். ஆரம்பம் முழுக்கப் பெயர்கள். ஜெனரேட்டர் கொடுத்தவர், குதிரை வாங்கியவர், வண்டி ஓட்டியவர், மேயரின் தம்பி. ஜூராகானின் பெயர் மூன்று முறை வந்தது. பிறகு பனி, மலை, வீடு, வீட்டுக்குள் பெரிய விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும் குடும்பம்.

குடும்பத்துக்குப் பின்னால் வெள்ளை முக்காடு போட்ட ஒருத்தி குனிந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஐஜார்கின். பூர்மாகானுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நடிக்க வைத்திருக்கிறார்கள், என்னிடம் சொல்லவே இல்லையே என்று நினைத்தாள். அடுத்த காட்சியில் குடும்பம் பக்கத்து வீட்டுக்கு விருந்துக்குப் போனது. அங்கேயும் ஐஜார்கின் டீ ஊற்றினாள். சரி, உதவிக்குப் போயிருப்பாள். அதற்கடுத்து கதாநாயகன் நகரத்தில் ஒரு பாங்குக்குக் கடன் கேட்கப் போனான். பாங்கு என்பது மக்சாத் வீட்டின் முன்னறைதான். ஒரு கம்ப்யூட்டரையும் காலண்டரையும் வைத்துப் பாங்காக்கியிருந்தார்கள். மேனேஜர் கடன் இல்லை என்று உறுமியபோது கதவு திறந்தது, வெள்ளை முக்காடு வந்தது, மேனேஜருக்கு ஒரு கிண்ணம் ஊற்றி வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்தே வெளியேறியது.

பூர்மாகான் அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் அசையவில்லை. கடன் கிடைக்கவில்லையே என்ற கவலையில் எல்லோரும் மூழ்கியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கதை ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் ஐஜார்கின். போலீஸ் நிலையத்தில் ஐஜார்கின். நாற்பது வருடத்துக்கு முந்திய கூட்டுப்பண்ணைக் காட்சியில், பிறப்பதற்கு முன்பே, ஐஜார்கின். செத்துப்போன தாத்தா வெள்ளைக் குதிரையில் பனிமூட்டத்திலிருந்து வருகிற கனவில், குதிரைக்குப் பின்னால் இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் குறுக்கே போனாள். காட்சிகளைக் கண்டபடி முன்பின்னாக எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒன்றில் மகளின் கன்னம் சிவந்து உப்பியிருந்தது, அடுத்ததில் கன்னமே இல்லை, அதற்கடுத்ததில் மறுபடி வந்துவிட்டது. எந்தக் காட்சி முதல் நாள் எடுத்தது, எது நாற்பதாம் நாள் என்று பூர்மாகான் வரிசையாக அடுக்கிக் கொடுத்திருப்பாள்.

உச்சக்கட்டம் வந்தது. திரையில் ஜூராகான் எழுந்து நின்று, சாயம் பூசிய நகக்காரியின் தோளைத் தொட்டு, "உக்காரும்மா. இந்த வீட்ல நீ மருமக இல்ல, மக. இன்னிக்கு நான் டீ ஊத்துறேன்" என்றாள். அரங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம் நாலா பக்கமும் கேட்டது. திரையில் பின்கதவு திறந்தது. வெள்ளை முக்காடு கெட்டிலைக் கொண்டுவந்து ஜூராகானின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்தபடியே போனது. உறிஞ்சல் இன்னும் பலமானது. பூர்மாகானுக்கும் அழுகை வந்தது, ஆனால் அவள் அழுதது வேறு படத்துக்கு.

விளக்கு போட்டார்கள். மக்சாத் மேடையேறி, மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று மைக்கைக் கீழே கொடுத்தான். நம்ம ஊரில் மைக்கைக் கொடுத்தால் அது கல்யாண வீட்டு மைக்தான். வயது வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்தினார்கள். படம் முழுக்கக் குறட்டை விட்ட ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், மக்சாத்தின் மந்தை பெருகட்டும், கூரை உயரட்டும், கால்நடைக்கு நோய் வராமல் இருக்கட்டும் என்று பத்து நிமிடம் வாழ்த்திவிட்டு, படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் உட்கார்ந்தார். மேயரின் தம்பி எல்லோருக்கும் அமைதியை வாழ்த்தினார். மைக் பூர்மாகானிடம் வந்ததும் அரங்கம் நிமிர்ந்தது. இனிமேல்தான் விமர்சனம்.

அவள் எழுந்தாள். தலாய்பெக் ஓரத்தில் நின்று இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார்.

படம் அருமை, நேரம் போனதே தெரியவில்லை என்று ஒத்திகைப்படியே ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்கு நல்ல எதிர்காலம் என்றாள். ஜூராகான் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டாள். அடுத்து அந்த அம்மாளின் நடிப்பு. அது மட்டும் பூர்மாகானின் வாயில் வரவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், வேறொன்று வந்துவிட்டது.

"எல்லாரையும் விட அந்த வெள்ளை முக்காட்டுப் பொண்ணுதான் நல்லா பண்ணியிருக்கா. எந்த வீட்டுக்குப் போனாலும் அவதான் டீ ஊத்துறா. பாங்க்ல கூட. இத்தனை பேரு போட்டீங்க, அவ பேரை மட்டும் விட்டுட்டீங்க."

அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. எந்தப் பெண் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நானூறு பேர், ஒருவர் கண்ணிலும் அவள் படவில்லை. டீ ஊற்றுகிற மருமகளை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? மக்சாத் மூன்று மாதம் ராப்பகலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தை வெட்டி ஒட்டியவன். ஒவ்வொரு காட்சியையும் நூறு தடவை பார்த்தவன். அவன் குழம்பிப்போய்க் கேட்டான்.

"எந்தப் பொண்ணு, அத்தை?"

"உங்க பொண்டாட்டி, மாப்பிள்ளை."

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். ஆனால் பக்கத்தில் ஜூராகானின் முகம் இறுகிவிட்டது. பூர்மாகான் மைக்கைக் கீழே இறக்கினாள். போச்சு, ஒரு வாக்கியத்தில் மகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஜூராகான் மேடையைப் பார்த்து, "திரும்பப் போடு" என்றாள். தலைமையாசிரியைக் குரல். தலாய்பெக் படம் ஓட்டும் அறைக்கு ஓடினார். ஒருவரும் எழுந்து போகவில்லை. இலவசமாக இன்னொரு காட்சி என்றால் எவன் எழுந்து போவான்?

மக்சாத் மட்டும் மேடையிலிருந்து இறங்கி, கோட்டைக்கூட வாங்காமல் வெளியே ஓடினான்.

படம் மறுபடி ஆரம்பித்தது. வெள்ளை முக்காடு முதலில் தெரிந்ததும் அரங்கமே அதோ என்று விரல் நீட்டியது. பாங்கில் வந்தபோது கைதட்டல். போலீஸ் நிலையத்தில் வந்தபோது, திருடனுக்கும் ஒரு கிண்ணம் கொடும்மா என்று ஒருவர் சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட்டுப்பண்ணைக் காட்சியில் அந்தக் கால்நடை மருத்துவரே விழித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு குறைந்தது. முதலில் பெண்கள் நிறுத்தினார்கள். கனவுக் காட்சியில் வாளியோடு அவள் பனியில் குறுக்கே போனபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஜூராகான் மடியில் வைத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தாள். விரல் தீர்ந்து, மறுபடி மடக்கி, அதுவும் தீர்ந்துபோனது.

"இருபதுக்கு மேல ஆச்சு, சம்பந்தி," என்றாள் மெல்ல. "ஒரு தடவை கூட அவ உக்காரல. பக்கத்துலயேதான் நான் இருந்திருக்கேன்."

 

அப்போது கதவு திறந்து மக்சாத் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஏப்ரன் கட்டியபடியே, கையில் மாவோடு, வெங்காய வாசனையோடு வந்தாள் ஐஜார்கின். என்ன தப்பு நடந்துவிட்டதோ என்று முகம் வெளிறியிருந்தது. மக்சாத் தன் இடத்தில், பூர்மாகானுக்கு மறுபக்கம், அவளை உட்காரவைத்தான். அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

"அடுப்புல கறி இருக்கும்மா," என்றாள் அம்மாவின் காதில். "நுரை எடுக்கணும்."

"படத்தைப் பாரு."

திரையில் அவளே டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐஜார்கின் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். அன்றைக்குச் சர்க்கரை தீர்ந்துபோச்சு என்றாள். அடுத்த காட்சியில், அந்தக் கெட்டிலுக்கு மூடி இல்லை, கையைச் சுட்டுக்கொண்டேன் என்றாள். அதுதான் படத்தைப் பற்றி அவள் சொன்ன அபிப்பிராயம். அரங்கம் கதகதப்பாக இருந்தது, நாற்காலி மெத்தென்று இருந்தது. அதற்கடுத்த காட்சி முடிவதற்குள் தலை மெதுவாகச் சாய்ந்து அம்மாவின் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

பின் வரிசையில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, கதாநாயகியே தூங்கிவிட்டாள், படம் இவ்வளவுதான் என்று கேலி செய்தார். ஜூராகான் திரும்பினாள்.

"சத்தம் போடாதீங்க. என் மருமக தூங்குறா."

பிறகு தலாய்பெக்கைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். அவர் குறைத்தார். இன்னும் என்றாள். முழுக்கக் குறைத்துவிட்டார். நானூறு பேரும் ஊமைப்படம் பார்த்தார்கள். ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஜூராகான் எழுந்தாள். உச்சக்கட்டம் இன்னும் வரவில்லை, அவளுடைய பெரிய காட்சி இனிமேல்தான். பூர்மாகான் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள்.

"கறியை யாரு பாக்குறது?" என்றாள் ஜூராகான் தணிந்த குரலில். "நான் போறேன். நீங்க அசையாதீங்க, எழுந்துடப்போறா."

குனிந்து, யாருக்கும் திரை மறையாமல், அந்த அம்மாள் ஓரமாக நடந்து வெளியே போனாள். திரையில் அவளே எழுந்து நின்று, சத்தமில்லாமல் வாயை அசைத்து, நகக்காரியின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பூர்மாகானுக்குத் தோள் மரத்துப்போயிருந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடி, விளக்கு எரிந்து, எல்லோரும் எழுந்து நின்று, விருந்துக்கு நேரமாகிறது என்று கிசுகிசுக்கத் தொடங்கிய பிறகும் அவள் அசையவில்லை.